நொய்யலில் சாக்கடை கலப்பதை நிறுத்துங்கள்

நொய்யல் ஆற்றுக்குப் பொறுப்பான அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன வாரம் பெய்த மழைக்குத் தடுப்பணையில் மறுபடியும் நுரை பொங்கியது. வந்து பார்த்தீர்கள், பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனீர்கள். நன்றி. ஆனால் போன முறை பிடித்துப்போன தண்ணீரில் என்ன இருந்தது என்றே இன்னும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நுரை எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளியங்கிரி மலையை விட்டு இறங்கும்போது ஆறு தெளிவாகத்தான் இருக்கிறது. கோவையைத் தாண்டுவதற்குள் சங்கனூர் பள்ளம் போன்ற ஓடைகள் நகரத்துச் சாக்கடையை அதில் சேர்த்துவிடுகின்றன. மழை நின்று சில மாதம் ஆனால் கீழே எங்களுக்கு வருவதில் பெரும்பகுதி கழிவுநீர்தான். அப்புறம் முதல் மழை பெய்ததும், சாலையில் கிடந்த எண்ணெய், டயர்த் தூள், வடிகாலில் தேங்கிய சகதி எல்லாம் ஒரேயடியாக அடித்துக்கொண்டு வருகிறது. சோப்பும் சாக்கடையும் கலந்த தண்ணீர் தடுப்பணையில் விழுந்தால் நுரைக்காமல் என்ன செய்யும்?

அது ஆற்றோடு போய்விட்டாலும் பரவாயில்லை. கரையோரக் கிணறுகளுக்கு ஊற்றே ஆறுதான். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் போட்டால் வாய்க்காலில் நுரை மிதக்கிறது. சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் வெள்ளையாக உப்புப் படிகிறது. ஊசியால் குத்தி எடுத்தாலும் சில நாளில் மறுபடி அடைத்துக்கொள்கிறது. வெயில் காலத்தில் தென்னைப் பாத்தியெல்லாம் உப்புப் பூக்கிறது. மாடு தொட்டியில் வாய் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கறவை மாட்டுக்கு டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம். ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறான், ஐயா.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: சாக்கடை ஆற்றில் இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் மறித்து, சுத்திகரித்த பிறகே தண்ணீரை விடுங்கள். உக்கடத்திலும் ஒண்டிப்புதூரிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருப்பது தெரியும். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளின் கழிவு மழைநீர் வடிகாலில் இறங்கி நேராகப் பள்ளத்துக்குப் போகும்போது, அந்த நிலையங்கள் அதை எப்படிச் சுத்தம் செய்யும்?

இந்த ஆறு ஏற்கெனவே ஒருமுறை பட்டுவிட்டது. பாசனத்துக்கென்று 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல உயர் நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. வீட்டுச் சாக்கடையை நிறுத்தவும் நாங்கள் கோர்ட் படிதான் ஏற வேண்டுமா? கோவைக் குளக்கரையில் நடைபாதையும் கலர் விளக்கும் போடப் பணம் இருக்கிறது. அதே குளத்துக்குள் இறங்கும் சாக்கடையை மறிக்க மட்டும் நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கச் சொல்கிறீர்கள். மேலே இருப்பவர்கள் கழுவி விட்டதைக் கீழே இருப்பவர்கள் குடிக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

சரி, கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே மறுபடியும் கேட்கிறேன். சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடாதீர்கள். பெரிய ஓடைகள் ஆற்றில் சேரும் இடங்களையாவது அடுத்த பருவமழைக்கு முன்னால் சரிசெய்யுங்கள். தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளை மாதாமாதம் கரையோர ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுங்கள். எந்தத் தேதிக்குள் எந்த இடத்தில் வேலை முடியும் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
நொய்யல் கரை விவசாயி ஒருவன்,
சூலூர் வட்டாரம்