குட்டைக்கு வந்த பவானித் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் அவிநாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து எங்கள் ஊர்க் குட்டையைக் காய்ந்துதான் பார்த்திருக்கிறேன். ஐப்பசியில் நல்ல மழை பெய்தால் முழங்கால் அளவுக்கு நிற்கும், தை முடிவதற்குள் வற்றிவிடும். அப்புறம் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. எங்கள் குட்டையிலும் குழாய் வழியாகப் பவானித் தண்ணீர் வந்து விழுந்த அன்று, என் மாமியார் மஞ்சளும் குங்குமமும் பூவும் எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டுக் கும்பிட்டார். கல்யாணமான காலத்திலிருந்து "வரும், வரும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர். கரையில் நின்ற பெரியவர்கள் பலருக்குக் கண் கலங்கிவிட்டது.

காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வைத்து மேடேற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. அறுபது வருடக் கோரிக்கை. இதற்காக எத்தனை பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள், எத்தனை பேர் மனு எழுதினார்கள் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அப்படி வந்த தண்ணீரில் இரண்டே மாதத்தில் கேரி பேக் மிதப்பதைப் பார்த்தேன். மேற்குக் கரையில் கோழி இறகு ஒதுங்கியிருந்தது. ஒருவர் டெம்போவைக் கரையோரம் இறக்கி, சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆற்றில் போட்டால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைக்கிறோம். அதுவும் தப்புதான், கீழே இருக்கிற ஊர் அதைக் குடிக்கிறது. ஆனால் குட்டையில் போட்டது எங்கேயும் போகாது. குட்டைத் தண்ணீர் போவது மண்ணுக்குள்ளே, நம் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும். எங்கள் பக்கத்தில் ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராமல் புழுதிப் புகை மட்டும் வந்த போர்வெல்கள் இருக்கின்றன. அந்த நிலத்தடிக்கு இப்போதுதான் நீர் ஊறுகிறது. அதோடு சோப்பையும் சாக்கடையையும் சேர்த்தா ஊற விட வேண்டும்?

கோழிக் கழிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பகுதியில் எந்தப் பள்ளத்தை (ஓடையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) எட்டிப் பார்த்தாலும் அதுதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாக்கு மூட்டையில் கட்டி, பாலத்து மேலிருந்து தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அது அழுகும்போது தண்ணீரில் இருக்கிற காற்றை எல்லாம் தின்றுவிடுகிறது, மீன் செத்து மிதக்கிறது, நாய்கள் கூடுகின்றன. ஒருநாள் மூட்டையோடு வந்த பையனை நானே நிறுத்திக் கேட்டேன்: "ஏந்தம்பி, மாடு குடிக்கிற தண்ணி இது, இதுல போய்க் கொட்டலாமா?" அவன் முறைக்கவில்லை. "வேற எங்கீங்க்கா கொட்டறது? குப்பை வண்டியில வாங்க மாட்டேங்கறாங்க" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஊரில் நாலு பேரிடம் பேசினோம். தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒருவர் ஒத்துக்கொண்டார். இப்போது இரண்டு கடைகளின் கழிவு அவர் தோப்பில் ஆழமான குழியில் விழுந்து, மேலே சுண்ணாம்பும் மண்ணும் மூடி, மரத்துக்கு எருவாகிறது. எல்லா ஊரிலும் இப்படி ஒரு தோப்புக்காரர் கிடைக்க மாட்டார். அங்கெல்லாம் பஞ்சாயத்துதான் இடம் காட்ட வேண்டும். கறி வாங்கப் போகிற நாமும், "கழிவை எங்கே போடறீங்க?" என்று கடையில் ஒரு வார்த்தை கேட்கலாம். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார்.

அடுத்தது வீட்டு வாசலில் ஓடும் மழைநீர் வடிகால். நிறையப் பேர் இதையும் பாதாளச் சாக்கடையையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். பாதாளச் சாக்கடை இருக்கிற ஊரில் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர் வடிகாலோ நேராகப் பள்ளத்துக்கோ குளத்துக்கோ போகிறது, நடுவில் யாரும் எதையும் சுத்தம் செய்வதில்லை. வாசல் கூட்டிய குப்பையை அதில் தள்ளுவது, வண்டி கழுவுகிற தண்ணீரையும் பெயின்ட் பிரஷ் அலசிய தண்ணீரையும் அதில் விடுவது எல்லாம் குட்டையில் கொண்டுபோய்க் கொட்டுவதற்குச் சமம். வண்டியை மண் தரையிலோ மரத்தடியிலோ நிறுத்திக் கழுவினால் மண் வடிகட்டிக்கொள்ளும்.

பொடக்காணியில், அதாவது வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடத்தில், வழிகிற தண்ணீரைத் தெருவில் விடாமல் வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சுகிற பழக்கம் நம் ஊரில் முன்பு எல்லா வீட்டிலும் இருந்தது. சிமெண்ட் தளம் வந்ததும் அது போய்விட்டது. இடம் இருக்கிறவர்கள் திரும்பக் கொண்டுவரலாம், இல்லாதவர்கள் ஓர் உறிஞ்சிகுழி தோண்டிக்கொள்ளலாம். துணிக்குப் போடும் சோப்புத் தூளையும் கை அளவில் குறைத்துப் பாருங்கள், அழுக்கு போகத்தான் செய்கிறது. சோப்புத் தூளிலும் சாக்கடையிலும் இருக்கிற சத்தைத் தின்றுதான் ஆகாயத்தாமரை குளத்தையே மூடுகிறது. கோவைக் குளங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பலகாரம் சுட்ட எண்ணெய், காலாவதியான மாத்திரை இரண்டும் தொட்டியில் ஊற்றுகிற பொருள் இல்லை.

செப்டிக் டேங்க் லாரி விஷயத்தில் நமக்கும் பங்கு உண்டு. குறைந்த காசுக்கு வருகிறார் என்று கூப்பிடுகிறோம், அவர் இருட்டில் எந்தப் பள்ளத்தில் திறந்துவிடுகிறார் என்று கேட்பதில்லை. உரிமம் உள்ள லாரிதானா, எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்குகிறார் என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். இதற்காகவே அரசு 14420 என்ற எண்ணை வைத்திருக்கிறது.

காட்டு வேலை, அதாவது விவசாயம், செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்தடித்து முடித்ததும் டேங்கைக் குட்டையிலோ வாய்க்காலிலோ முக்கி அலச வேண்டாம். மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் அதே காட்டில் அடித்துவிட்டால் மருந்தும் வீணாகாது. பெருமழை வரப்போகிறது என்று தெரிந்தால் யூரியாவை இரண்டு நாள் தள்ளிப் போடலாம். கோழி எருவைப் பள்ளத்துக் கரையில் குவித்து வைப்பதும் வேண்டாம்.

சரி, நோம்பிகளுக்கு, அதாவது பண்டிகைகளுக்கு, வருகிறேன். நம் நோம்பி பாதிக்கு மேல் தண்ணீரோடுதான். ஆடிப் பதினெட்டுக்குப் பவானிக் கூடுதுறைக்கும் கொடுமுடிக்கும் போகிறோம், அமாவாசைக்குப் பேரூர்ப் படித்துறைக்குப் போகிறோம். பொங்கலுக்கு அப்புறம் பூப்பறிக்கிற நோம்பியன்று பொம்பளைப் பிள்ளைகள் கும்மியடித்துக்கொண்டு ஆவாரம்பூவோடு தண்ணீர்க் கரைக்குப் போகிறார்கள். பூவும் முளைப்பாரியும் தண்ணீரைக் கெடுப்பதில்லை. கெடுப்பது அதோடு போகிற பாலித்தீன் உறை, ஜரிகைத் தாள், கட்டிய சேலை வேட்டியை அவிழ்த்து ஆற்றில் விடுவது. என் அமுச்சி (அம்மாவின் அம்மா) ஓலைப்பெட்டியில் கட்டுச்சோறு கொண்டுவருவார், சாப்பிட்டு முடித்தால் கரையில் ஓர் இலைகூட மிஞ்சாது, மாடு தின்றுவிடும். இப்போது அதே கரையில் பிளாஸ்டிக் பூசிய தட்டும் தண்ணீர் பாக்கெட்டும் மலைபோலக் கிடக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. ஆவணியில் பிள்ளையார் வாங்கும்போது வண்ணம் பூசாத களிமண் பிள்ளையாராக வாங்குங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் லேசில் கரைவதில்லை, தண்ணீர் வற்றினால் கையும் காலுமாகக் கிடப்பார். பார்க்கவே மனசு வலிக்கிறது. நாங்கள் போன வருடம் வீட்டிலேயே அண்டாவில் கரைத்து, செம்பருத்திச் செடிக்கு ஊற்றினோம். பிள்ளைகள் அதை ரொம்பவே விரும்பினார்கள்.

நொய்யல் ஆற்றைப் பற்றிப் பேசினால் உடனே சாயப்பட்டறை என்றுதான் சொல்வோம். நியாயம்தான். 1992-ல் பாசனத்துக்குக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, "தண்ணீரைத் தேக்காதீர்கள்" என்று உழவர்களே கேட்கிற நிலை வந்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆலைகளைக் கண்காணிப்பதில் ஒரு நாளும் தளரக் கூடாது. ஆனால் வெள்ளியங்கிரியில் அவ்வளவு தெளிவாகப் புறப்படுகிற தண்ணீரில் வழியெல்லாம் கலப்பது நம் வீட்டுச் சாக்கடையும்தான். அதை நிறுத்த நாம் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை.

ஆடியில் மலையில் பெய்தால் ஆற்றில் தண்ணீர் வரும். நம் காட்டுக்கும் பள்ளத்துக்கும் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மாதக்கணக்கில் தெருவிலும் பள்ளத்திலும் சேர்ந்த குப்பையை எல்லாம் அந்த முதல் மழை ஒரே நாளில் குட்டைக்கு இழுத்து வந்துவிடும். அதனால் புரட்டாசியிலேயே பள்ளத்தைச் சுத்தம் செய்துவிட வேண்டும். பொக்லைன் வைத்து மொத்தமாக வழித்துவிடாமல், குப்பையை மட்டும் கையால் பொறுக்க வேண்டும். நாணலும் கோரையும் கரையைப் பிடித்து நிற்கின்றன, அவற்றை விட்டுவிடலாம். போன புரட்டாசியில் எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கினோம். மதியத்துக்குள் முப்பத்திரண்டு சாக்கு நிரம்பியது. பாதிக்கு மேல் பால் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், குழந்தைகளின் டயாபர்.

அக்டோபர் 2 கிராம சபை சரியாக மழைக்கு முன்னால் வருகிறது. மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கும் ஒரு கிராம சபை உண்டு, அது கோடைக்கு முன்னால். இந்த இரண்டு கூட்டத்திலும் குட்டையைப் பற்றித் தீர்மானம் எழுதச் சொல்லி ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும். நாங்கள் மூன்று கோரிக்கை எழுதி வைத்திருக்கிறோம்: கோழிக் கழிவுக்கு ஓர் இடம், பாலத்தின் இரண்டு பக்கமும் கம்பி வலை, குட்டைக்குள் வந்து விழும் இரண்டு தெருச் சாக்கடைக்கும் உறிஞ்சிகுழி.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். புரட்டாசி பிறந்ததும் அவரவர் ஊர்ப் பள்ளத்தின் படத்தை வாசகர்களிடம் வாங்கி வெளியிடுங்கள். கார்த்திகையில் அதே இடத்தின் படத்தை மறுபடியும் கேளுங்கள். எங்கள் ஊர்ப் படத்தை முதல் ஆளாக நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அவிநாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்.