படகு வாங்கப் போகிற மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

குடியிருக்க வாங்கப் போகிறேன் என்று நீ அனுப்பிய கால்வாய்ப் படகின் படங்களை அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். 57 அடி நல்ல அளவுதான். உங்கள் லீட்ஸ் பக்கத்தில் கால்டர் அண்ட் ஹெப்பிள் கால்வாயில் படகை ஏற்றி இறக்குகிற மதகுத் தொட்டிகளான லாக்குகள் குட்டை, அதைவிட நீளமான படகு திண்டாடும். ஆனால் நீளம் எத்தனை இருந்தாலும் இந்த மாதிரி ஒடுக்கமான படகுக்கு அகலம் 7 அடிக்குள்தான். உனக்குத் தெரியாததா, அதற்குள் வளர்ந்தவன் நீ.

வாடகை மிச்சமாகும் என்று எழுதியிருக்கிறாய். லைசென்ஸ், காப்பீடு, 4 வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கரையேற்றி அடிப்பாகத்துக்குக் கருப்புப் பூச்சு, அப்புறம் டீசல், காஸ், கரி. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார். ஓரளவு மிச்சமாகும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மிச்சத்தை யாரோ ஒருவர் உடம்பால் கட்டியாக வேண்டும்.

ரயில் வந்து சரக்குக் கூலி விழுந்தபோது பழைய கால்வாய்ப் படகோட்டிகளும் உன்னைப் போலத்தான் கணக்குப் போட்டார்கள். கரையில் ஒரு வீடு, தண்ணீரில் ஒரு படகு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். படகு முழுக்க நிலக்கரி. குடும்பத்துக்குப் பின்னால் 10 அடி அறை. கூலி ஆள் வைக்கிற செலவும் மிச்சம், ஏனென்றால் சுக்கானைப் பிடித்ததும் லாக் திறந்ததும் பெண்டாட்டிதான். அவளுக்குத் தனிக் கூலி கிடையாது. ரோஜாவும் கோட்டையும் வரைந்த அந்தத் தண்ணீர் கேன்களை அருங்காட்சியகத்தில் ரசிக்கிறார்களே, அதைத் தூக்கியவள் யார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

உனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் வாத்துக் குஞ்சுகளும், லாக்கில் தண்ணீர் ஏற ஏறப் படகு மேலே வருவதும்தான். எனக்கும் அதெல்லாம் பிடிக்கும். அப்பா பாலத்துச் சுவரில் இடித்து என் சாம்பார் தரையெல்லாம் ஓடியதே, அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு! பக்கத்துப் படகுக்காரர்கள் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். கரையில் குடியிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஆனால் நீ தூங்கிக்கொண்டிருந்த நேரங்கள் உனக்குத் தெரியாது. ஜனவரியில் அடுப்பு அணைந்து விடியற்காலையில் உள்ளே மூச்சு புகையாக வரும். ஜன்னலில் வேர்த்த தண்ணீர் இறங்கி மெத்தையின் ஓரம் ஊறிக் கறுத்துப் போகும். தினமும் மெத்தையைத் தூக்கி நிறுத்தித் துடைக்க வேண்டும். தலையில் ஷாம்பு போட்ட பிறகு தொட்டியில் தண்ணீர் தீரும். வெயில் இல்லாத வாரத்தில் சோலார் பேனல் சும்மா கிடக்கும், பேட்டரிக்காக எஞ்சினை ஓட்ட வேண்டும். கழிவறையின் கேசட்டை, அதாவது கழிவு சேரும் பெட்டியை, யார் கொண்டுபோய்க் கொட்டுவது என்பதில் நானும் அப்பாவும் போட்ட சண்டை வேறு எதற்கும் போட்டதில்லை.

நிலையான கட்டுத்துறை இல்லாவிட்டால் 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்க முடியாது. பிரிட்டிஷ் நீர்வழிகளுக்கான 1995 சட்டம் அப்படி. ஒவ்வொரு முறையும் உன் பள்ளிக்கூடம் எத்தனை மைல் தள்ளிப் போகும் என்று பார்த்துத்தான் கயிறு அவிழ்ப்போம். டாக்டரிடம் பதிய முகவரிச் சான்று தேவையில்லை என்பது விதி. அதை வரவேற்பில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது, இடுப்பில் நீ காய்ச்சலோடு.

குழந்தை நவம்பரில் பிறக்கும் என்கிறாய். நீ காலையில் ஆபீஸ் போனால் இருட்டியபின் வருவாய். நடுவில் 20 கிலோ கரி மூட்டையை யார் உள்ளே இழுப்பது? பச்சை உடம்புக்காரியா? ஈரத் துணியை எங்கே காயப்போடுவாள்? இந்தக் கேள்விக்கு உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

வாங்காதே என்று சொல்லவில்லை. வாங்கினால் ஏப்ரலில் குடிபோங்கள், குளிர்காலம் முழுக்கக் கரையிலேயே இருங்கள். முதல் வருடமாவது கரண்டும் தண்ணீரும் உள்ள மரினா என்கிற படகுத்துறையில் இடம் பிடி, காசு போனால் போகட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார். நிபுணரை வைத்துப் படகைச் சோதித்து சர்வே எடுக்காமல் ஒரு பவுண்டும் கொடுக்காதே. அடித்தகடு 4 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால் காப்பீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அறிக்கையை அப்பாவுக்கு அனுப்பு.

அதற்கு முன்னால் மருமகளை எனக்கு போன் பண்ணச் சொல். நீ பக்கத்தில் இருக்க வேண்டாம். கேசட் விஷயத்தையும் அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா