பதினாறு பொத்தான்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. பேரனுக்குக் காது குத்திய செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எந்தத் தோடு போட்டீர்கள் என்று கேட்டு எழுதச் சொன்னார். அவருக்கு எண்பத்தாறு வயதாகிறது. இன்னமும் காலையில் சிங்கப்பூர் வானொலி ஒலி 96.8 கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். பெரியவள் தெம்பனிசில் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். எனக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடாதே.

கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்த கேள்வி ஒரு வாரமாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. "சின்னவள் அவ்வளவு படித்துவிட்டு இரவு விடுதியில் மெஷின் தட்டுகிறாளாமே, அது ஒரு பிழைப்பா? மாறாத ஓர் அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் அது இசையாகிவிடுமா?" நீ அக்கறையில்தான் கேட்டாய். இரண்டு வருடத்துக்கு முன் ஏறக்குறைய இதே வார்த்தைகளை நானே அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான்கு மாதம் எங்களுக்குள் சாப்பாட்டுப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் உனக்கு விவரமாகவே எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளே வந்து கூப்பிட்டாள். "அப்பா, பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். இவர் கையை மட்டும் பாருங்கள்" என்றாள். திரையில் ஒல்லியான கறுப்பினத்தவர் ஒருவர். எதிரே மேசையில் வெண்சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. ரோலண்ட் நிறுவனம் 1983இல் வெளியிட்ட டிஆர் 909 என்ற தாள இயந்திரம் அது. அடிவிளிம்பில் வரிசையாகப் பதினாறு பொத்தான்கள், மேலே சின்னச் சின்னத் திருகுகள். கணினி இல்லை, வேறு வாத்தியம் இல்லை. அவர் பெயர் ஜெஃப் மில்ஸ்.

நாம் இருவரும் தாளம் படித்தவர்கள், பதினாறு பொத்தான் என்றதும் உனக்குப் புரிந்திருக்கும். நான்கு தகதிமி. ஆதி தாளத்தில் பாதி ஆவர்த்தனம். பெரிய முரசின் அடியை ஒன்று, ஐந்து, ஒன்பது, பதின்மூன்று என்று வைத்தார். நான்கு 'த' விழும் இடங்கள். பிறகு தாளத் தட்டின் ஒலியை ஒவ்வொரு தகதிமியிலும் மூன்றாவதான 'தி'யின் மேல் வைத்தார். அவ்வளவுதான், என் தொடை தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அவர் விரல்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொத்தானைச் சேர்க்கின்றன, ஒன்றை எடுக்கின்றன. இடது கை ஒரு திருகை நூலளவு நகர்த்துகிறது. கூர்மையாக வெட்டிய ஒலி நீண்டு கரைகிறது. நாம் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் உள்ளங்கையை அழுத்திக் கும்கி கொடுப்போமே, அந்த வேலை. திடீரென்று அடிமுரசை முழுதாக எடுத்துவிட்டார். இரண்டு சுற்று, மூன்று சுற்று, வெறும் தாளத் தட்டு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்புக்குக் காத்திருந்தேன். முரசு திரும்பி விழுந்த இடம் மிகச் சரியான இடம். "சபாஷ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சின்னவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான்கு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

வாத்தியார் நம்மை மூன்று மாதம் வெறும் தகதிமி வாசிக்க வைத்தது நினைவிருக்கிறதா? சலிப்பாக இருக்கிறது என்று சொன்ன நீ ஓர் அடி வாங்கினாய். காலப்பிரமாணம், அதாவது மாறாத வேகம், உடம்பில் இறங்குகிறவரை மோரா, கோர்வை என்ற முத்தாய்ப்புகள் எதுவும் வேண்டாம் என்பார். மாறாத அடி இசையா என்று நீ கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது வாத்தியார் வீட்டுத் திண்ணைதான்.

அதன் பிறகு மில்ஸைப் பற்றிச் சின்னவள் சொல்லச் சொல்லக் கேட்டேன், நானாகவும் தேடிப் படித்தேன். 1963இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் பிறந்தவர். கார்த் தொழிற்சாலைகளின் ஊர். இதை வெள்ளைக்காரர்களின் விடுதி இசை என்றுதான் நான் நினைத்திருந்தேன். டெக்னோ என்ற இந்த மின்னணு நடன இசை பிறந்ததே அந்த ஊரின் கறுப்பின இளைஞர்களின் கையில். ரோலண்ட் பெட்டிகள் முதலில் சரியாக விலைபோகவில்லை. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தன, இவர்கள் கையில் சேர்ந்தன. 909 மொத்தமே ஏறத்தாழ பத்தாயிரம்தான் செய்தார்கள். இன்று ஒன்று வாங்க நம்மால் முடியாது. சின்னவளிடம் இருப்பது அதே நிறுவனத்தின் புதிய வகை.

1980களில் மில்ஸ் அந்த ஊர் வானொலியில் 'தி விசார்ட்', அதாவது மாயாவி, என்ற பெயரில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். மின்னல் கை என்று பேர். பிறகு மைக் பேங்க்ஸுடன் சேர்ந்து 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். முகத்தைக் காட்டி விளம்பரம் தேட மாட்டோம், பெரிய நிறுவனங்களை அண்டமாட்டோம் என்று நின்ற குழு. பெர்லின் சுவர் விழுந்த கையோடு, 1991இல், அந்த நகரத்தில் ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் பெட்டக அறையில் 'டிரெசோர்' என்ற விடுதி திறந்தது. டெட்ராய்ட் இசைக்கு அது இன்னொரு தாய்வீடாயிற்று. குழுவை விட்டு வந்த மில்ஸ் 1992இல் 'ஆக்சிஸ்' என்று சொந்த இசைத்தட்டு நிறுவனம் ஆரம்பித்தார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அது அவர் கையில்தான் இருக்கிறது.

இந்த இடத்தைச் சின்னவள் அழுத்திச் சொன்னாள், காரணம் உண்டு. போன வருடம் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் நல்ல பணம் பேசி அவளை அழைத்தார். மேடை ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு, சொந்தப் படைப்பு எதுவும் வேண்டாம், சினிமாப் பாட்டாகப் போட்டால் போதும் என்றார். அவள் மறுத்துவிட்டாள், முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தாள். நான் அன்று அவள் பக்கம் நின்றேன். அவள் வருமானம் நிலையானதில்லை, அதை உன்னிடம் மறைக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறாள், மீதி நாள் அவளுடையது. வீட்டுச் செலவுக்கு மாதம் தவறாமல் கொடுக்கிறாள்.

மில்ஸ் விடுதியோடு நின்றிருந்தாலும் பெரிய பேர்தான். ஆனால் 2000இல், 1927ஆம் ஆண்டின் 'மெட்ரோபொலிஸ்' என்ற ஜெர்மன் மௌனப் படத்துக்குப் புதிதாக இசை அமைத்தார். ஜப்பானிய விண்வெளி வீரர் மமோரு மோரியுடன் சேர்ந்து விண்வெளிப் பயணத்தைப் பற்றி ஒரு தொகுப்பு. பிரெஞ்சு அரசு 2007இலும் 2017இலும் கலைக்கான விருது கொடுத்தது.

என்னை நெகிழவைத்தது 2005. தெற்கு பிரான்சில் ரோமானியர்கள் கட்டிய போன் து கார் என்ற நீர்ப்பாலம் இருக்கிறது. மூன்றடுக்கு வளைவுகள், ஏறக்குறைய ஐம்பது மீட்டர் உயரம். அதன் அடிவாரத்தில் மேடை போட்டு, மோன்பெலியே நகரின் இசைக்குழு மில்ஸின் டெக்னோவை வயலினிலும் எக்காளத்திலும் வாசித்தது. அவரும் அவர்களோடு மேடையில் இருந்தார். 'தி பெல்ஸ்' என்று அவருடைய படைப்பு ஒன்று, 1990களின் பிற்பகுதியில் வந்தது. மணியோசை போன்ற சிறு துணுக்கு மறுபடி மறுபடி வரும். விடுதியில் வியர்த்து ஆடுகிறவர்களுக்காகச் செய்ததை, அத்தனை வயலின்கள் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போகும்போது அது கோயில் மணி கேட்பதுபோல் இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இந்தக் கச்சேரி எந்தக் கோயிலில்?" என்று கேட்டார்.

பிறகு டோனி ஆலன் வருகிறார். நைஜீரியப் பாடகர் ஃபேலா குட்டிக்கு முரசு வாசித்த மேதை. மில்ஸும் அவரும் இணைந்து செய்த பதிவை 2018இல் ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. ஆலனுடைய கை ஒரு சுற்றில் வாசித்ததை அடுத்த சுற்றில் அப்படியே வாசிக்காது. பெட்டியோ மணி தவறாத பெட்டி. இரண்டும் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் யாராவது ஒருவர் காது கொடுக்க வேண்டும், மில்ஸ் கொடுக்கிறார். ஆலனுக்கு இடம் விட்டு, அவர் விட்ட இடத்தில் இரண்டே அடி வைத்து ஒதுங்குகிறார். நீ கஞ்சிராவும் நான் மிருதங்கமுமாகத் தனி ஆவர்த்தனத்தில் மாறி மாறி வாசித்த இரவுகளை நினைத்துக்கொண்டேன். ஆலன் 2020 ஏப்ரலில் பாரிஸில் காலமானார். அதன் பிறகு அந்தக் குழுவில் யார் சேர்ந்தார் தெரியுமா? தபேலாக் கலைஞர் பிரபு எடுவார். 909உம் தபேலாவும் ஒரே மேடையில். சின்னவள் இதைச் சொன்ன அன்று பரணிலிருந்து என் மிருதங்கத்தை இறக்கினேன். வார் தளர்ந்துவிட்டது, வலந்தலை கிழிந்திருந்தது. தேக்காவில் கேட்டு ஆளைப் பிடித்து மூட்டிக்கொண்டு வந்தேன்.

நம் இந்தியர்களும் இந்தப் பெட்டிகளைத் தொடாமல் இல்லை. மும்பையில் சரண்ஜித் சிங் என்ற சினிமா இசைக்கலைஞர் 1982இலேயே ரோலண்ட் இயந்திரங்களில் பத்து ராகங்களை வாசித்துப் பதிவு செய்தார். அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் அதை மறுபடி வெளியிட்டபோதுதான் உலகம் வியந்தது. நல்லவேளை, அவர் உயிரோடு இருந்து அதைப் பார்த்தார்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். சின்னவளின் அடுத்த படைப்பில் உறுமி வருகிறது. பதிவு செய்ததை எங்கிருந்தோ எடுத்துப் போட அவளுக்கு மனமில்லை. வளைந்த குச்சி தோலில் உராயும்போது எழும் அந்த முழக்கத்தைப் பக்கத்தில் நின்று பிடிக்க வேண்டும் என்கிறாள். இங்கே சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களுக்கு 1973இலிருந்து கட்டுப்பாடு இருந்தது உனக்குத் தெரியும். 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் கொடுத்தார்கள். காவடிக்கு முன்னால் உறுமி நடந்து போகும் ஒலியை மலேசியாவில், உங்கள் ஈப்போவில் கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை. வரும் தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். நல்ல உறுமிக் குழு ஒன்றை முன்கூட்டியே பேசி வை. அவர்களுக்குரிய சன்மானத்தைக் கொடுத்துவிடுவோம், படைப்பில் அவர்கள் பெயரும் வரும். அவள் பெட்டியையும் எடுத்து வருகிறாள். உன் கஞ்சிராவின் தோலைப் பார்த்து வை. அவளுடைய பதினாறு பொத்தானுக்கு நீயும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். வரும் தேதியை பஸ் டிக்கெட் எடுத்ததும் எழுதுகிறேன்.

உன் அன்பு நண்பன்