18 இன்னிங்ஸ் விழித்திருந்தவருக்கு

அன்புள்ள சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும்,

அப்பா திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். இதை நான் எழுதும்போது சன்னலோரக் கதிரையில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு நித்திரை கொள்கிறார். குறட்டை சமையலறை வரை கேட்கிறது. முப்பது வருடமாக அம்மா திட்டித் தீர்த்த குறட்டை அது. இன்று காலையிலிருந்து அம்மாவே நாலு தரம் வந்து நின்று கேட்டுவிட்டுப் போகிறார்.

என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

மூன்று கிழமையும் ஒரு நாள் தவறாமல் புட்டும் சொதியும் இடியப்பமும் கொண்டுவந்து தந்த சித்திக்கும், மார்க்கம் வீதியிலிருந்து இரவு பகல் பாராமல் அம்மாவை ஏற்றி இறக்கிய தம்பிமாருக்கும், வேலையில் என் ஷிஃப்டை வாங்கிக்கொண்ட மூன்று பேருக்கும், கோயிலில் அர்ச்சனை செய்வித்து விபூதியை உறையில் போட்டு அனுப்பிய மாமிக்கும், ஊரிலிருந்து தினமும் வாட்ஸ்அப்பில் அழைத்து அம்மாவை அழவிட்டு, பிறகு சிரிக்கவும் வைத்த பெரியம்மாவுக்கும் நன்றி. இரவுத் தாதியருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் அறவிட்ட காசுக்கு மட்டும் யாருக்கும் நன்றி சொல்லப்போவதில்லை.

சரி. இந்த மடலை எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. அவர் இதைப் படிக்க மாட்டார், அவருக்குத் தமிழ் தெரியாது. முழுப்பெயர் என்னவென்று எங்களுக்கும் தெரியாது. அப்பாவின் அறையில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'பக்கத்துக் கட்டில் ஐயா'.

அப்பா ரொறன்ரோவுக்கு வந்து 32 வருடம். இத்தனை காலத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. 'கிரிக்கெட்டைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்' என்பதுதான் அவருடைய தீர்ப்பு. ஊரில் அவர் தங்கள் விளையாட்டுக் கழகத்தின் ஸ்கோரர். துடுப்பும் பிடிக்க வராது, பந்தும் போட வராது. ஆனால் பென்சிலைச் சீவிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தால் ஒரு புள்ளி தவறாது என்று பெரியப்பா சொல்வார்.

2025 அக்டோபர் 20ஆம் திகதி இரவு நான் கட்டிலோரம் இருந்தேன். அப்பா ஐந்து நாளாக ஒன்றும் கதைக்கவில்லை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வானொலி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பேஸ்பால், சியாட்டில் அணியுடன் ஏழாவது ஆட்டம், வென்றால் கிண்ணத்துக்கான உலகத் தொடர். எங்கள் ரொறன்ரோ அணி புளூ ஜேஸ் 1-3 என்று பின்னால் நின்றது. ஏழாவது இன்னிங்ஸில் ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர்போல வேலியைத் தாண்டும் அடி) மூன்று ஓட்டங்களைக் கொண்டுவந்தது. அந்தப் பக்கத்திலிருந்து எழும்பிய கூச்சலில் தாதி ஓடி வந்தார். அப்பா கண்ணைத் திறந்து, "என்ன சத்தம்?" என்றார்.

ஐந்து நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அதுதான்.

ஐயா திரைச்சீலையை விலக்கி மன்னிப்புக் கேட்டார். அப்பா பழுதில்லை என்று கையைக் காட்டினார். மறுநாளிலிருந்து திரைச்சீலை மூடப்படவில்லை.

அவரிடம் கட்டம் போட்ட கொப்பி ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தானே கட்டங்களில் சின்னச் சின்ன வைரம் வரைந்து ஸ்கோர் எழுதி வைத்திருந்தார். இந்தப் பருவம் முழுவதையும் நான் அந்தக் கொப்பியில்தான் பார்த்தேன். 2024இல் 74 வெற்றி, 88 தோல்வி, பிரிவில் கடைசி இடம். இந்த வருடமும் மே மாதம் நியூயோர்க் யாங்கீஸுக்கு எட்டு ஆட்டம் பின்னால் கிடந்த அணிதான். பிறகு கனடா நாளன்று அதே யாங்கீஸை எதிர்த்து ஸ்பிரிங்கர் ஒருவரே ஏழு ஓட்டங்களைக் கொண்டுவந்த பக்கம் வரும். அதன் மூலையில் ஐயா மேப்பிள் இலை வரைந்திருந்தார். செப்டம்பர் 28, கடைசி நாள்: இரண்டு அணிக்கும் 94 வெற்றி. நேருக்கு நேர் ஆடியதில் 8-5 என்று முன்னால் நின்றதால் பிரிவு ரொறன்ரோவுக்கு. இந்த அணி ஏன் பிடிக்கும் என்று கேட்டேன். மற்ற எந்த அணியையும்விடக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆகிறவர்கள், பந்தை எப்படியாவது தொட்டுவிடுவார்கள், ஸ்கோர் எழுதுகிறவனுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும் என்றார். அப்பா தலையாட்டினார். ஸ்கோரருக்கு ஸ்கோரர் சொன்னால் புரியாதா?

இவர்கள் இருவரும் கதைத்ததைப் பார்த்திருக்க வேண்டும். அப்பாவின் ஆங்கிலம் உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் அதுவும் பாதிதான் வந்தது. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்று முதல் ஒன்பது வரையான எண்கள். பந்து எறிபவர் 1, பின்னால் குந்திப் பிடிப்பவர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்பவர் 6. நடுவில் நிற்பவருக்கு எப்படி 6 வரும் என்று அப்பா ஒரு நாள் முழுக்கச் சண்டை பிடித்தார். மூன்றாவது ஸ்ட்ரைக்கை வீசித் தவறவிட்டால் ஆங்கில 'கே' எழுத்து. வீசாமல் பார்த்துக்கொண்டு நின்றால் அதே எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி எழுத வேண்டும். இது அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. சும்மா நின்று அவுட்டானவனுக்கென்று தனி அடையாளம் கிரிக்கெட்டில் இல்லையே என்றார்.

ஐயா 1977இல் முதல் ஆட்டத்துக்கே போனவராம். ஏப்ரல் 7, மைதானமெல்லாம் பனி. ஐஸ் ஹொக்கிக் களத்தைத் துடைக்கும் வண்டியைக் கொண்டுவந்து தள்ளிய பிறகுதான் ஆட முடிந்ததாம். அப்பாவும் தன் கதையைச் சொன்னார். 1993இல் அவர் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செயின்ட் ஜேம்ஸ் டவுனில் ஒரே அறையில் ஐந்து பேர். ஒரு சனி இரவு வெளியில் திடீரென்று ஹோர்ன் சத்தமும் ஆட்களின் கூச்சலும். ஐந்து பேரும் லைற்றை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார்களாம். ஊர்ப் பழக்கம். அன்றுதான் ஜோ கார்ட்டரின் ஹோம் ரன்னில் ஜேஸ் இரண்டாவது முறையாகக் கிண்ணத்தை வென்றது என்பது அவர்களுக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது. ஐயா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அன்று யங் வீதியில் கத்தியவர்களில் தானும் ஒருவன் என்றார்.

இனி அந்த இரவு. அக்டோபர் 27, லொஸ் ஏஞ்சலஸில் டொட்ஜர்ஸ் அணியுடன் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். நான் பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். சோபாவில் இருந்து பார்த்தவள் 13ஆவது இன்னிங்ஸில் கண்ணயர்ந்துவிட்டேன். ஒன்பதில் முடிய வேண்டிய ஆட்டம் சமநிலையால் 18 இன்னிங்ஸ் போய், எங்கள் நேரத்தில் விடிகாலை மூன்று மணிக்குச் சற்று முன்னர்தான் முடிந்தது. 6-5, ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த ஹோம் ரன்னில் டொட்ஜர்ஸ் வென்றது.

காலை ஏழு மணிக்கு நான் போனபோது அப்பா தானாக எழும்பி உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் இரண்டு பேர் தூக்கித்தான் இருத்த வேண்டும். மூக்கில் கண்ணாடி. அதையும் தானே கேட்டு வாங்கியிருக்கிறார். மடியில், கட்டுப் போடும் பிளாஸ்ரரால் ஒட்டிய இரண்டு தாள். நான் வாயைத் திறக்குமுன் கையை உயர்த்தினார்: "சொல்லாதை! நான் இப்பதான் பதினாலாவதிலை நிக்கிறன்."

அப்பா 11ஆவது இன்னிங்ஸில் நித்திரையாகிவிட்டாராம். ஐயா அவரை எழுப்பவில்லை. வானொலியை ஒரு காதில் மாட்டிக்கொண்டு கடைசிப் பந்து வரை தானே எழுதியிருக்கிறார். கொப்பிப் பக்கத்தில் இடம் போதாமல் இன்னொரு தாளை ஒட்டி, கோடு போட்டு, இரண்டையும் கொப்பியிலிருந்து கிழித்து அப்பாவின் மேசையில் வைத்திருக்கிறார். 18ஆவது இன்னிங்ஸின் ஓரத்தை மட்டும் உட்பக்கமாக மடித்து, சின்னத் துண்டுப் பிளாஸ்ரரால் மூடியிருந்தார், முடிவு தவறிக் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். டொட்ஜர்ஸின் ஒட்டானியின் வரிசைக்கு வந்ததும் நின்றார். இரண்டு ஹோம் ரன், இரண்டாவது பேஸ் வரை போன இரண்டு டபிள், அடிக்காமலே முதல் பேஸுக்குப் போன ஐந்து நடை. அதில் நாலு, அடிக்க விடப் பயந்து வேண்டுமென்றே நடக்கவிட்டது. ஒன்பது தரம் வந்து ஒன்பது தரமும் பேஸில். "இவனை ஒருத்தராலும் அவுட்டாக்க ஏலாமல் போச்சோ?" என்றார். பிறகு எங்கள் பக்கத்து எரிக் லோவர் நாலே முக்கால் இன்னிங்ஸ் அளவுக்கு ஓட்டமே கொடுக்காமல் எறிந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். கடைசியில் பிளாஸ்ரரைப் பிரித்தார். ஃப்ரீமனின் ஹோம் ரன்னை ஐயா மிகச் சின்னதாக எழுதியிருந்தார், எழுத மனமில்லாதவர்போல.

"சீ," என்றார் அப்பா. அது தோற்ற ஆட்டத்துக்கான 'சீ'. அவருக்கு எதன்மேலாவது கோபம் வந்து எத்தனை நாள்!

(நாலே முக்காலா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நாலு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும். சரியாகச் சொன்னால் நாலும் மூன்றில் இரண்டும். அப்பா இப்போதே திருத்தச் சொல்வார்.)

ஐயா எழும்பியதும் நன்றி சொல்லப் போனேன். வலிக்கு எப்படியும் நித்திரை வராது, கைக்கு ஒரு வேலை இருந்தது என்றார். அவ்வளவுதான்.

29ஆம் திகதி ஐந்தாவது ஆட்டம். அந்த 22 வயதுப் பொடியன் ட்ரே யெசவேஜ் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிய இரவு. அப்பாவும் ஐயாவும் ஆளுக்கொரு தாளில் எழுதி, ஒன்றோடொன்று சரிபார்த்தார்கள். மறுநாள் அப்பாவை ஸ்கானுக்குக் கொண்டுபோய்த் திரும்பியபோது பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு. வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். எங்கே என்று சொல்ல அவர்களுக்கு அனுமதியில்லை, அது நியாயம்தான். அப்பாவின் மேசையில் ஐயாவின் பென்சில் மட்டும் இருந்தது.

மிச்ச இரண்டு ஆட்டத்தையும் அப்பா தனியாக எழுதினார். ஆறாவது ஆட்டம், இடது வெளிக்களத்தவர் (எண் 7) பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிந்த பந்தில் ஒரே அடியாக இரண்டு பேர் அவுட்டாகி முடிந்தது. எழுத வேண்டியது 7-4. இப்படியொன்றை ஐயா சொல்லித் தரவில்லையே என்று அரை மணி நேரம் முணுமுணுத்தார். ஏழாவது ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? கிண்ணத்துக்கு இரண்டே இரண்டு அவுட் இருந்தபோது டொட்ஜர்ஸின் ரோஹாஸ் அடித்த ஹோம் ரன்னில் ஆட்டம் சமன். ஒன்பதாவதில் எங்கள் கைனர்-ஃபலேஃபா, ஓட்டம் முடிகிற வீட்டுத் தட்டில் நூலிழையில் அவுட். அவரைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மார்ச்சிலிருந்து ஓடியவர்களை ஓர் அடி தூரத்துக்காகத் திட்ட எனக்கு வாய் வராது. அந்த அணிக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. அவர்கள் இவ்வளவு நீளமாக ஆடியிருக்காவிட்டால் எங்களுக்கு அந்தப் பின்னிரவுகள் இருந்திருக்காது. 11ஆவது இன்னிங்ஸில் எங்கள் கேர்க் உடைந்த மட்டையால் தட்டிய பந்தை டொட்ஜர்ஸின் பெட்ஸ் எடுத்து, இரண்டாவது பேஸை மிதித்து, முதல் பேஸுக்கு எறிந்தார்; கிண்ணம் டொட்ஜர்ஸுக்கு. அப்பா 6-3 என்று எழுதி, இரட்டைக் கோடு போட்டு, பென்சிலைக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்ன முதல் விஷயம் இது: ஐயாவின் கொப்பியில் மூன்றாவது ஆட்டம் இல்லை, ஆறும் ஏழும் இல்லை. ஒரு ஸ்கோரருக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்கு விளங்காது. கண்டுபிடி.

ஆகவே கேட்கிறேன். உங்களில் ரொறன்ரோ வைத்தியசாலைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் வேலை செய்பவர்கள் நிறையப் பேர். கட்டம் போட்ட கொப்பியில் வைரம் வரைகிற பெரியவர் ஒருவரைக் கண்டால் அவர் விவரம் எதையும் எனக்குச் சொல்ல வேண்டாம். மூன்று ஆட்டமும் ஓர் உறையில் இருக்கிறது, பக்கத்துக் கட்டில்காரர் தரக் காத்திருக்கிறார் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். அடுத்த வசந்தத்தில் ஜேஸ் மைதானத்தின் 500ஆம் தட்டில் மூன்று டிக்கெட் எடுப்பதாக அப்பா என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். ஆளுக்கொரு பென்சிலும் வேண்டுமாம்.

அப்பா எழும்பிவிட்டார். உறையை எங்கே வைத்தாய் என்று கேட்கிறார்.