‘டோல்கீன்’ படக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் வாழ்க்கையைச் சொல்லும் உங்கள் படம் 2019-இல் வெளிவருமுன், தங்களுக்கு அதில் பங்கோ ஒப்புதலோ இல்லை என்று டோல்கீனின் குடும்பத்தினர் அறிவித்தார்கள். குடும்பத்தாரின் இசைவின்றியும் நல்ல வாழ்க்கை வரலாற்றுப் படம் அமையலாம் என்று நம்பியே பார்க்கச் சென்றேன். என் வருத்தமெல்லாம், ஓர் எழுத்தாளரைப் பற்றிய படத்தில் அவருடைய எழுத்துக்கு இடமே இல்லாமற்போனதுதான்.

காய்ச்சலோடு தள்ளாடியபடி, சாம் என்ற படைவீரரின் துணையுடன், முதல் உலகப்போரின் சோம் போர்க்களத்தில் நண்பர் ஸ்மித்தைத் தேடி அலைபவராக டோல்கீனைக் காட்டினீர்கள். உண்மையில், போர் அகழிகளில் பரவிய அகழிக் காய்ச்சலால் 1916 நவம்பரிலேயே டோல்கீன் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டார். எறிகணைக் காயத்தால் ஸ்மித் இறந்தது டிசம்பர் 3-ஆம் நாள். நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தவருக்கு நண்பரின் சாவு கடிதமாகத்தான் வந்து சேர்ந்தது. அருகில் இருக்க முடியாமற்போன அந்தத் துயரம், நீங்கள் புனைந்த சாகசத்தைவிடக் கனமானது.

தான் சொல்ல முயன்றவற்றைத் தான் இல்லாத காலத்திலும் நண்பர் சொல்ல வேண்டும் என்று ஸ்மித் முன்பே எழுதியிருந்தார். அதற்குத் தம் எழுத்தால் டோல்கீன் அளித்த மறுமொழி படத்தில் எங்கே? உடல் தேறிவந்த அந்தக் காலத்தில்தான் அவர், கற்பனை நகரம் ஒன்றின் அழிவைச் சொல்லும் ‘கோண்டோலினின் வீழ்ச்சி’யை எழுதினார். 1917-இல் ரூஸ் என்ற ஊரருகே, வெண்பூக்கள் அடர்ந்த சோலையில் மனைவி எடித் ஆடியதிலிருந்து, அவர் படைத்த எல்ஃப் குல இளவரசி லூத்தியனின் கதை பிறந்தது. அந்தப் பெயரையே எடித்தின் கல்லறையிலும் பொறிக்கச் செய்தார். நீங்களோ போர்ப்புகை நடுவே டிராகனையும் கறுப்புக் குதிரைவீரரையும் காட்டிவிட்டு, பல ஆண்டுகளைத் தாண்டி, அவருடைய ‘ஹாபிட்’ நாவலின் தொடக்கத்தில் வந்து நின்றுவிட்டீர்கள். கற்பனை மொழிகளை முதலில் ஆக்கி, அவற்றுக்கு ஓர் உலகம் வேண்டுமென்றே கதைகளைப் படைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அம்மொழிகளில் ஒன்றான குவென்யாவுக்கு ஃபின்னிய மொழியே பெரும் தூண்டுதல். ஃபின்லாந்தைச் சேர்ந்த இயக்குநர் இந்த இடத்தில் தயங்கி நின்றிருக்க வேண்டாமா?

கத்தோலிக்கராக மாறியதால் உறவினரின் ஆதரவை இழந்து 1904-இல் இறந்த தம் தாயை, நம்பிக்கைக்காக உயிர்விட்டவராகவே டோல்கீன் போற்றினார். அவரது வாழ்நாள் முழுவதையும் தாங்கிய அந்தச் சமயப் பற்றும் படத்தில் மங்கிக் கிடக்கிறது.

கற்பனை கலந்ததற்காக நான் குறைகூறவில்லை. ஓபரா அரங்கினுள் நுழைய முடியாத இளம் காதலர் டோல்கீனும் எடித்தும் அரங்கப் பொருளறையில் நின்று ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசையில் தோயும் காட்சி என் மனத்தில் இன்னும் நிற்கிறது. அங்கே செலவிட்ட பொறுமையோடு, நோயாளி ஒருவர் தாளும் பென்சிலுமாக அமர்ந்து, வீழ்ந்துபோன ஒரு நகரத்தின் கதையை எழுதுவதைப் பத்து நிமிடமேனும் காட்டியிருக்கக் கூடாதா?

இப்படிக்கு,
டோல்கீனின் வாசகன்