சேர்க்கைப் பதிவேடுகள் திரும்பி வந்தன: ஒரு நன்றி மடல்

கிருஷ்ணகிரி நகர மக்களுக்கும், எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கும், பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நேற்று மாலை நாலரை மணிக்குக் கடைசிப் பதிவேடும் பைண்டிங் கடையிலிருந்து வந்து சேர்ந்தது. அலுவலக உதவியாளர் அதைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளிலும் ஏந்திவந்து என் மேசைமேல் வைத்தார். அறையில் இருந்த யாரும் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு யாரோ தேநீர் சொல்லி அனுப்பினார்கள். இரவு வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் "பார்வையில் கண்ட பொருள் தொடர்பாக" என்று அலுவலகக் கடிதத்தின் நடை வந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

டிசம்பர் மழையைப் பற்றி எழுதப்போவதில்லை. அது உங்கள் எல்லோருடைய தெருவுக்கும் வந்து போனதுதான். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளையெல்லாம் வெள்ளம் புரட்டிச் சென்ற நாள்களில், ஓர் ஓட்டுக் கட்டடமும் சில பழைய ஏடுகளும் நனைந்ததைப் பெரிதாகப் பேசவே முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த ஏடுகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றபோது கூச்சம் போய்விட்டது. தேர்வு விடைத்தாள் கட்டுகளுக்கு இடம் வேண்டும் என்று அவற்றை அலமாரியின் அடித்தட்டுக்கு மாற்றச் சொன்னவள் நானே என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சேர்க்கை எண், பெயர், தந்தை அல்லது பாதுகாவலர் பெயர், தொழில், இருப்பிடம், பிறந்த தேதி, தாய்மொழி, அங்க அடையாளங்கள், விலகிய நாள், விலகியதற்கான காரணம் என்று இரண்டு பக்கத்துக்கும் நீளும் கட்டங்கள் அவை. ஒரு மாணவருக்கு ஒரு வரிதான். எங்கள் ஊரின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. பழைய ஏட்டில் மாவட்டம் என்ற இடத்தில் சேலம் என்று இருக்கும்; 1965 அக்டோபருக்குப் பிறகு தருமபுரி என்று மாறும்; 2004 பிப்ரவரிக்குப் பிறகுதான் கிருஷ்ணகிரி. வீடு மாறாமல், தெரு மாறாமல், தாத்தாவும் மகனும் பேத்தியும் மூன்று மாவட்டத்துப் பிள்ளைகளாகப் பதிவாகியிருக்கிறார்கள். 1950களில் அணை கட்டப்பட்ட காலத்துப் பக்கங்களில் தந்தையின் தொழில் "அணை வேலை" என்று வரிசையாக வருகிறது. தாய்மொழிக் கட்டத்தில் தமிழுக்குக் கீழே தெலுங்கு, அதற்குக் கீழே உருது, அடுத்து கன்னடம், மறுபடி தமிழ். 1978-இல் மேல்நிலை வகுப்புகள் வந்தபோது பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. வழக்கொழிந்ததை, ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதித் திருத்திய ஒரு எழுத்தரின் குழப்பத்தில் பார்க்கலாம்.

ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்றும் நீங்கள் வியக்கலாம். வலது கையைத் தலைக்குமேல் சுற்றி இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று கணக்கிட்டு, பள்ளி திறக்கும் மாதத்துக்குப் பொருந்துமாறு தொடக்கப்பள்ளி ஆசிரியர் போட்ட தேதிகள் அவை. பிறப்புப் பதிவே இல்லாத அந்தத் தலைமுறைக்கு அந்தக் கற்பனைத் தேதியே உண்மையான தேதி. ஓய்வூதியத்துக்கும், பாஸ்போர்ட்டில் பெயர் திருத்தவும், வாரிசுச் சான்று கேட்கவும் அவர்கள் வந்து நிற்பது எங்கள் தாழ்வாரத்தில்தான். சனிக்கிழமைகூட விடாமல் வருவார்கள். அப்படிப்பட்ட ஏடுகள் 17, சேற்று நீரில் ஓர் இரவும் ஒரு பகலும் கிடந்தன.

உதவியவர்களின் பட்டியல் நீளமானது. எல்லோரையும் ஒரே பத்தியில் அடைப்பதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வைத்து நீரை இறைத்த தீயணைப்பு வீரர்கள், முழங்காலளவு சேற்றை வாரிய நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள், விடுமுறை விட்டும் வீட்டுக்குப் போகாத நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், அவர்களுக்குச் சுடச்சுட உப்புமா கிண்டிக் கொடுத்த சத்துணவுச் சமையலர்கள், ஓசூர் சிப்காட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பணம் அனுப்பிய முன்னாள் மாணவர்கள், உலர்ந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துத் தந்த ஸ்டூடியோக்காரர், காலிகோ துணிக்கும் பசைக்கும் மட்டும் காசு வாங்கிய பைண்டர், ஏடுகளை வெயிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று தொலைபேசியில் மூன்று முறை எச்சரித்த ஓய்வுபெற்ற ஆவணக் காப்பக ஊழியர் ஆகிய அனைவருக்கும் எங்கள் பள்ளி கடன்பட்டிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு இவர்களை நேரில் அழைத்து நன்றி சொல்ல இருக்கிறது.

ஆனால் இந்த மடல் முதன்மையாக ஒருவருக்காகவே எழுதப்படுகிறது. அவர் தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ராயக்கோட்டைச் சாலையில், நகரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு சிற்றூரில் பட்டுப்புழு வளர்க்கிற பெண்மணி அவர். அவருடைய மகள் எங்களிடம் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அந்தக் குடும்பத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்த முதல் பிள்ளை அவள்தான். ஆகவே நனைந்த 17 ஏடுகளிலும் அவர்கள் வீட்டுப் பெயர் ஒன்றுகூட இல்லை.

மழை விட்ட மூன்றாம் நாள், மகளின் சைக்கிளை எடுத்துப்போக வந்தவர் ஆய்வகத்தின் சன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். பெஞ்சுகளின்மேல் ஏடுகளை விரித்து, மூன்று மின்விசிறிகளைச் சுழலவிட்டு, நாங்கள் பெரிதாகச் சாதித்துவிட்ட களைப்பில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே வந்து ஓர் ஏட்டின் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு விரலை முகர்ந்தார்.

"டீச்சர், மேலதான் காஞ்சிருக்குது. உள்ள பூஞ்சை கட்ட ஆரம்பிச்சுட்டுது. இப்படியே உட்டா நாளைக்குக் கைல வராது" என்றார்.

அந்த வாசனையை அவருக்குத் தெரியும். குளிரும் ஈரமும் சேர்ந்த மாதங்களில் புழு வளர்ப்பவர்கள் பயப்படுவது இந்தப் பூஞ்சைக்குத்தான். சுண்ணாம்புக்கட்டி நோய் என்று பெயர். புழு வெளுத்து விறைத்துச் சுண்ணாம்புத் துண்டுபோல ஆகிவிடும். ஓர் அடுக்கில் கண்டால் புழு வளர்க்கும் மனை முழுவதும் பரவ அதிக நாள் ஆகாது. எனவே காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதும், இரவில் ஈரத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதும், எங்கள் அறிவியல் ஆசிரியர்கள் உட்பட எங்கள் யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "எங்க மனை இப்ப காலிதான். அடுக்கு இருக்குது, வலை இருக்குது, கூடு கட்டற சந்திரிகை இருக்குது. ஏத்தி உடுங்க" என்றார்.

பதிவேடுகள் பள்ளி வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. நான் தயங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு முழு மணி நேரம் தயங்கினேன். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, ஏடுகளின் பட்டியலில் மூன்று பேர் கையெழுத்திட்டு, இரண்டு ஆசிரியர்களைத் துணைக்கு அனுப்பி, பிறகுதான் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். அந்த ஒரு மணி நேரமும் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. புழுக்கள் மல்பெரி இலை தின்னும் நைலான் வலை அடுக்குகளில் எங்கள் பள்ளியின் ஏடுகள் இதழ் இதழாகக் கிடந்தன. கட்டிலிருந்து கழன்ற தாள்களை, புழுக்கள் கூடு கட்டும் மூங்கில் சந்திரிகைகளின்மேல் ஒவ்வொன்றாகச் சாய்த்து வைத்திருந்தார். தாளுக்குத் தாள் அச்சிடாத வெள்ளைத் தாளை இடையில் செருகி, அது ஈரத்தை உறிஞ்சியதும் உருவி மாற்றிக்கொண்டிருந்தார். சேர்க்கை எண் வரிசை ஓர் இடத்திலும் பிசகவில்லை. மல்பெரி இலை பறித்துக் காய்ப்பேறிய கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாளின் மூலையைப் பற்றிய விதத்தை இப்போதும் என்னால் காண முடிகிறது. நகம் படாமல், விரலின் சதை மட்டும் பட, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவார். உறங்கும் புழுவை இடம் மாற்றுவதுகூட இப்படித்தானாம்.

அங்கேதான் ஒன்றைக் கவனித்தோம். மிகப் பழைய ஏடுகள், நீலக் கருப்பு மையில் எழுதியவை, கலையாமல் இருந்தன; அவற்றுக்குப் பின்வந்த சாதாரண நீல மை எழுத்துகளே கரைந்து, பக்கம் முழுவதும் வெளிர்நீலமாகப் பரவியிருந்தன. அப்படிக் கரைந்த ஒரு பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பேனா முனை அழுத்திய தடத்தைக் கொண்டு எழுத்துக் கூட்டியவர் அவருடைய மகள். "வலது முழங்காலில் தீத்தழும்பு" என்று படித்தாள். பெயர் போய்விட்டது, தழும்பு இருக்கிறது. யாராக இருக்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு மகள் ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் காட்ட, கேட்டுக்கொண்டிருந்த தாய் என்னிடம் திரும்பி, "இதுல அம்மா பேரு எழுதறதுக்கு எடமே இல்லீங்களா டீச்சர்?" என்றார். இல்லை என்றேன். இப்போது கணினியில் பதியும்போது எழுதுகிறோம் என்று சேர்த்துச் சொன்னேன். "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தாளைத் தூக்கினார்.

ஒன்பது நாள்கள் ஏடுகள் அங்கே இருந்தன. காலி மனைதானே என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, தற்செயலாக அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து உண்மை வந்தது. மனை காலியாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வாரமே இளம்புழு வந்து இறங்கியிருக்க வேண்டும். இளம்புழு தரும் மையத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டிருக்கிறார். பருவத்தில் நின்ற மல்பெரித் தோட்டம் முற்றிப்போய், தழை முழுவதும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போயிருக்கிறது. பூஞ்சை பிடித்த காகிதம் கிடந்த மனையில் அப்படியே புழு விட முடியாது என்பதால், ஏடுகள் திரும்பிய பின் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் தெளித்து, அடுக்குகளைக் கழற்றிக் கழுவி, மறுபடி காயவிட்டிருக்கிறார்கள். ஒரு முழு வளர்ப்பு, ஒரு குடும்பத்தின் ஒரு மாத வருமானம், எங்கள் ஏடுகளுக்காகப் போயிருக்கிறது. பூஞ்சையை மனைக்குள் கொண்டுபோவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஈடு செய்ய முன்வந்தபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். மகளுக்கு ஒரு சைக்கிள் பூட்டு வாங்கிக் கொடுங்கள், பழையது துருப்பிடித்துவிட்டது என்றார். வாங்கிக் கொடுத்துவிட்டோம். கணக்கு தீர்ந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை, அவர் நினைக்கிறார்.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் இந்த மடல் பாதிப் பொய்யாகிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மகளைச் சேர்க்க அவர் வந்தபோது, ஒரு சான்றின் நகலுக்காக மூன்று நாள்கள் எங்கள் தாழ்வாரத்தில் காத்திருந்தாராம். ஒரு நாள் இலை பறிக்கும் நேரம் தவறி, மாமியாரிடம் பேச்சு வாங்கியதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அது நினைவில் இல்லை. தாழ்வாரத்தில் காத்திருக்கும் யாரையும் எனக்கு நினைவில் இருந்ததில்லை. பதிவேட்டை எடுத்துப் பார்த்து ஒரு வரியைப் படியெடுக்கக் கால் மணி நேரம் போதும். ஆனால் "நாளைக்கு வாங்க" என்பது எங்கள் அலுவலகத்தின் முதல் பதிலாக எத்தனையோ ஆண்டுகளாக இருந்துவருகிறது. விலகியதற்கான காரணம் என்ற கட்டத்தில் "நீண்ட நாள் வராமை" என்று எழுதி முடித்துக்கொண்ட வரிகளையும் இந்த நாள்களில் நிறையப் பார்த்தேன். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பையன்களும், பதினைந்து வயதில் கழுத்தில் தாலி ஏறிய பெண்களும் அந்த மூன்று சொற்களுக்குள்தான் இருக்கிறார்கள். நான் பணி ஓய்வு பெற இன்னும் பதினாறு மாதங்கள் இருக்கின்றன. அதுவரை, சான்று கேட்டு வரும் ஒருவரையும் மறுநாள் வரச் சொல்லப்போவதில்லை; விலகும் ஒரு பிள்ளையின் வீட்டுக்கும் போய்ப் பார்க்காமல் அந்தக் கட்டத்தை நிரப்பப்போவதில்லை.

ஏடுகள் இப்போது இரும்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. சில பக்கங்களின் ஓரத்தில் சந்திரிகையிலிருந்து ஒட்டிவந்த பட்டு இழைகள் இருந்தன. துடைக்கட்டுமா என்று பைண்டர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

ஐந்து தாள்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்க முடியாமல் போயின. அவை 1971-72 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு உரியவை. அந்த ஆண்டு இங்கே சேர்ந்தவர்களோ அவர்களின் பிள்ளைகளோ, வீட்டில் பழைய மாற்றுச் சான்றிதழ் அல்லது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தால் எடுத்துவருமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலை நாள்களில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வரலாம். தாழ்வாரத்தில் இரண்டு பெஞ்சுகள் போட்டிருக்கிறோம். வந்த அன்றே படியெடுத்துக்கொண்டு, மூலத்தை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

நன்றியுடன்,
தலைமையாசிரியை