முட்டை உரிக்கும் விரல்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாப்பாவின் நாலுகோடு நோட்டு. ஒரு பக்கம் முழுக்க ஆங்கிலச் சின்ன 'பி' (b) எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் 'டி' (d) ஆகித் திரும்பி நிற்கிறது. அடுத்த பக்கத்தில் 3 எல்லாம் இடம் வலம் மாறியிருக்கிறது. கீழே சிவப்பு மையில் அவள் மிஸ் எழுதிய ஒரு குறிப்பு. படத்தோடு நீ, "யுகேஜி முடியப்போகுது, ஒன்னுமே கத்துக்கலம்மா" என்று எழுதியிருந்தாய். அதுகூடப் பரவாயில்லை. அதற்கு அடுத்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை: "எல்லாத்துக்கும் இடது கைதான் வருது. இந்த லீவுல வலது கைக்கு மாத்திடணும்."

போனில் சொல்லலாம். பாதியில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி, மருமகளிடமும் கொடு.

முதலில் அந்த 'ஒன்னுமே கத்துக்கல'. பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது முறுக்குத் தட்டைக் கையில் கொடுத்து எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினேன். திண்ணையில் ஆறு பேர் இருந்தார்கள். கொடுத்துவிட்டு வந்து, "அப்பத்தா, தாத்தா கொல்லையில இருக்காங்க, அவங்களுக்கு ஒன்னு" என்று இன்னொன்று எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆளுக்கு ஒன்று என்று பொருத்தத் தெரிகிறது. கண்முன்னால் இல்லாத ஆளையும் கணக்கில் சேர்க்கத் தெரிகிறது. ஒன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பத்துப் பக்கம் அந்த முறுக்குத் தட்டுக்குள்ளேயே இருந்தது தம்பி. நோட்டில் அது வராது, அவ்வளவுதான்.

1991-இல் டீச்சர் வேலையில் சேர்ந்தேன், 2024-இல் ஓய்வு. அதில் 27 வருஷம் ஒன்றாம் வகுப்புதான். ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் வந்ததும் யார் எதுவரைக்கும் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நான் நோட்டைப் பார்க்க மாட்டேன், சத்துணவு நேரத்தில் முட்டையை உரிப்பதைப் பார்ப்பேன். சில பிள்ளைகள் முட்டையைத் தரையில் தட்டி, ஓட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தோலில் நகத்தைக் கொடுத்து, உருட்டி உருட்டி முழுசாக எடுத்துவிடும். சிலது ஓட்டோடு வெள்ளைக்கருவையும் பிய்த்துவிடும். சிலது உரிக்கவே தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து வேலை செய்தால்தான் முட்டை உரியும். பென்சில் பிடிப்பதும் அதே மூன்று விரல்கள்தான். உரிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பென்சிலைக் கொடுத்தால் கைப்பிடிக்குள் வைத்து அழுத்தும், நுனி உடையும், நாலு வரியில் கை வலிக்கும். அதற்குப் பெயர் சோம்பேறித்தனம் இல்லை.

நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி எலும்பு வருவதற்குப் பத்து வயதை ஒட்டி ஆகிவிடுகிறது. 1968-இல் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பிறந்த தேதி கேட்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டால் சேர்த்துக்கொள்வார்கள், எட்டவில்லை என்றால் அடுத்த வருஷம் வா. வயதைக் கண்டுபிடிக்க அது சரியான வழி என்று நான் சொல்லவில்லை. ஆனால் உடம்பு தயாரா என்று கேட்கவாவது செய்தார்கள். இப்போது மூன்றரை வயதிலேயே பென்சிலைத் திணிக்கிறோம்.

இதனால் ஜூலை கடைசி வரை என் வகுப்பில் எழுத்து வேலை குறைவுதான். மானாமதுரையில் மண்பானை செய்யும் வேளார் வீட்டிலிருந்து பிசைந்த மண் வாங்கி வைப்பேன். உருட்டு, தட்டு, பாம்பு செய், பணியாரம் செய். பழைய பேப்பரைக் கோட்டுப்படி கிழிப்பது, நூலில் மணி கோப்பது, சட்டைப் பொத்தானைத் தானே போடுவது. "டீச்சர், பிள்ளைக மண்ணுல விளையாடவா அனுப்புறோம்?" என்று கேட்ட அம்மாக்கள் உண்டு. பயிற்சிப் பள்ளியில் படித்தபோது ஃபிரோபெல் என்ற ஜெர்மானியரைப் பற்றித் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். 1837-இல் சின்னப் பிள்ளைகளுக்கு என்று ஒரு பள்ளி தொடங்கினார், 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார், குழந்தைகளின் தோட்டம். அவர் பிள்ளைகள் கையில் கொடுத்தது கம்பளிப் பந்தும் மரக்கட்டைகளும்தான். ஐந்து மதிப்பெண் கேள்வி என்று அன்றைக்குப் படித்ததன் அர்த்தம், மண் பிசையும் விரல்களைப் பார்த்தபிறகுதான் எனக்கு விளங்கியது.

சரி, அந்தத் திரும்பிய 'பி'. பிறந்ததிலிருந்து பாப்பா பார்த்த எந்தப் பொருளும் திசை மாறினால் பெயர் மாறியதில்லை. கப்பின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் கப்புதான். பசு எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் பசுதான். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே பொருள் என்று தெரிந்துகொள்ளவே குழந்தைக்கு நாளாகியிருக்கிறது. இப்போது முதல்முறையாக ஒரு கோடும் ஒரு வட்டமும் வந்து, இந்தப் பக்கம் நின்றால் நான் பி, அந்தப் பக்கம் நின்றால் டி என்கிறது. கற்றதை அவள் கொஞ்சம் மறக்க வேண்டியிருக்கிறது. ஐந்து, ஆறு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இப்படி எழுதும். ஏழு, எட்டுக்குள் தானாகவே சரியாகிவிடும். அதற்கப்புறமும் தொடர்ந்தால் பார்ப்போம். இப்போது சிவப்பு மை தேவையில்லை.

எண்ணுவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். எதிர்வீட்டுப் பையன் நூறு வரை சொல்கிறான், இவள் இருபதில் நிற்கிறாள் என்று. வாய் எண்ணுவது வேறு, கை எண்ணுவது வேறு தம்பி. நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையின் முன்னால் ஏழு புளியங்கொட்டை வைத்து எண்ணச் சொல்லிப் பார். விரல் ஒரு கொட்டையில் இருக்கும், வாய் இரண்டு எண் முன்னால் ஓடும். ஒன்பது என்று முடிப்பான். இன்னொரு பிள்ளை சரியாக ஏழு வரை எண்ணும், "அப்போ எத்தனை இருக்கு?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் வரவில்லை. அது வந்தபிறகும், கொட்டைகளை அகலமாகப் பரப்பி வைத்தால் கூடிவிட்டது என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு படி. அந்தப் படிகளை எந்தப் பிள்ளையும் தாவிக் கடந்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் தமிழிலேயே எண்ணச் சொல். ஓசூரில் தெருவில் தெலுங்கும் கன்னடமும், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் அவள் காதில் விழுகின்றன, நல்லதுதான். ஆனால் பதினொன்று என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் ஒன்றும் இருக்கிறது. பத்துக் குச்சியை ரப்பர் போட்டுக் கட்டி, பக்கத்தில் ஒரு குச்சி வைத்தால் சொல்லும் பொருளும் ஒன்றாக நிற்கும். ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்ற சொற்களுக்குள் பத்து அப்படி வெளியே தெரியாது.

ஒரு தடவை ஒரு பையன் முப்பது, நாற்பது என்று பத்துப் பத்தாக ஏறி, எண்பதுக்கு அப்புறம் "ஒன்பப்பது" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் சொல்லித்தராமல் அந்த வரிசையின் சூத்திரத்தைக் கண்டுபிடித்திருக்கிறான். தமிழ்தான் அந்த இடத்தில் வழி மாறுகிறது: எண்பதுக்கு அடுத்தது நூறைப் பார்த்துத் தொண்ணூறு என்று நிற்கிறது, எண்ணூறுக்கு அடுத்தது ஆயிரத்தைப் பார்த்துத் தொள்ளாயிரம் என்று நிற்கிறது. அவனிடம் "நீ சொன்னதுதான் நியாயம், ஆனா ஊர்ல தொண்ணூறுன்னு சொல்றாங்க" என்றேன். பாப்பா இப்படித் தப்பாக ஏதாவது சொன்னால் உடனே திருத்தாதே. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று கேள்.

தமிழ் எழுத்தை எப்போது தொடங்கலாம் என்று மருமகள் கேட்டாள். அடுத்த வருஷம் போதும், அவசரமில்லை. தொடங்கும்போது அ, ஆ, இ என்று போக வேண்டாம். மூன்றுமே சுழியும் வளைவும் நிறைந்தவை. ட, ப, ம என்று தொடங்கு. ட இரண்டு கோடு, ப மூன்று கோடு. புள்ளியையும் சேர்த்துக்கொண்டால் படம், பட்டம், மட்டம் என்று சில நாளிலேயே வாசித்துவிடுவாள். தானே ஒரு சொல்லை வாசித்த அன்றைக்கு ஒரு பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று நீ பார்க்க வேண்டும். ஒற்றைக்கொம்பில்தான் திணறுவாள். 'கெ' என்பதில் காதுக்கு முதலில் கேட்பது க், கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு. 'கொ' வந்தால் இரண்டு பக்கமும். அங்கே மட்டும் கூடுதலாக ஒரு மாதம் கொடுங்கள்.

2007-இல் செயல்வழிக் கற்றல் எங்கள் பள்ளிக்கு வந்தது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தார்கள், சுவரில் அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகை, பாட அட்டைகளை ஏணிப்படி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தங்கள் வேகத்தில் ஏறினார்கள். காலையில் தன் வருகையைத் தானே பதிய வேண்டும். எழுதவே தெரியாத பிள்ளைகள்கூடத் தங்கள் பெயர் எது என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள், அது அவர்களுடைய பெயர் என்பதால். கொரோனாவுக்கு அப்புறம் 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தோம். ஒரே வகுப்பு, மூன்று நிலை. இரண்டிலும் குறைகள் உண்டு, பதிவேடு எழுதியே கை ஓய்ந்த நாட்கள் உண்டு. ஆனாலும் பிள்ளை நிற்கும் இடத்துக்கு டீச்சர் போக வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தவை அவைதான். அந்தப் புரிதல் வருவதற்கு முன்னால் என் வகுப்பில் நீ இருந்தாய்.

இதைத்தான் சொல்ல வந்தேன், சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

நீ ஒன்றாம் வகுப்பில் என்னிடமே படித்தாய். வீட்டில் அம்மா, அங்கே டீச்சர். உனக்கு இடது கைதான் வந்தது. தலைமையாசிரியர் என்ன சொல்வார், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குப் பயம். 'டீச்சர் மகனே பீச்சாங்கையில எழுதுறான்' என்று ஒரு பேச்சு காதில் விழுந்தது. அன்றைக்கு அடிஸ்கேலால் உன் இடது கையில் தட்டினேன். கேட்கவில்லை என்றதும் கைக்குட்டையால் அந்தக் கையைச் சுற்றிக் கட்டிவிட்டேன், பத்து நாள். நீ காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாய். சுவரெல்லாம் கரித்துண்டால் மாடும் வண்டியும் வரைந்துகொண்டிருந்த பிள்ளை, அந்த வருஷத்துக்கு அப்புறம் வரையவில்லை. கையெழுத்து கோணல் என்று ஏழாம் வகுப்பு வரை திட்டு வாங்கினாய். இன்றைக்கும் ஆணி அடிக்கும்போது சுத்தியல் உன் இடது கையில்தான் இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைக்குட்டை ஞாபகம் வரும். முப்பது வருஷமாக இதை உன்னிடம் சொன்னதில்லை. மன்னித்துவிடு தம்பி.

பாப்பாவுக்கு அதைச் செய்யாதே. பத்துப் பேரில் ஒருவருக்கு இடது கைதான் வருகிறது, அது குறையே இல்லை. சாப்பிட வலது கை என்று பழக்குவது உங்கள் வீட்டு விருப்பம், பென்சில் விஷயத்தில் மட்டும் விட்டுவிடுங்கள். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லி அவள் மிஸ்ஸிடம் கேளுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. நோட்டின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். பென்சிலை நுனியிலிருந்து சற்று மேலே தள்ளிப் பிடித்தால், எழுதியது கைக்கு அடியில் மறையாது. இடது கைக்கான கத்தரிக்கோல் கடையில் கேட்டால் கிடைக்கும். சிவப்பு மையில் எழுதிய அந்த மிஸ் மேல் கோபப்படாதே. 1995-இல் நானும் அப்படித்தான் எழுதினேன். நேரில் போய்ப் பேசு.

ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா ஓசூர் வருகிறார். அவரிடம் ஒரு பை கொடுத்துவிடுகிறேன். ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை, கழுவிக் காயவைத்தது. நூறு குச்சி, பத்துப் பத்தாகக் கட்டியது. ஈரத்துணியில் சுற்றி மானாமதுரை மண் இரண்டு உருண்டை. வந்ததும் டப்பாவில் போட்டு மூடிவை, காய்ந்துவிடும். பரணிலிருந்து எடுத்த உன் பழைய சிலேட்டும் இருக்கிறது, ஓரத்தில் மரச்சட்டம் கொஞ்சம் விலகியிருக்கிறது. சிலேட்டைப் பாப்பாவின் கையில் கொடு. எந்தக் கையில் வாங்குகிறாளோ, அந்தக் கையில் பலப்பம் கொடு.

ராத்திரி முட்டை அவித்தால் அவளையே உரிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா